பிரிக்கப்படாத பையில் இறந்த மீன்

அந்த மீன் கடையின் இணையப் பக்கத்தில், 'உயிருடன் வந்து சேரும், உத்தரவாதம்' என்று ஒரு வரி இருந்தது. பச்சை நிறம், பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு கேடயப் படம். அதைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும். அங்கே எழுத்து சிறுத்து, நிறம் வெளிறிவிடும். வழியில் மீன் இறந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது பிரிக்கப்படாத பைக்குள் இறந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறப்பதில் தொடங்கி இறந்த மீனைக் காட்டுவது வரை, இடையில் வெட்டாத ஒரே வீடியோ வேண்டும். டெலிவரி ஆன இரண்டு மணி நேரத்துக்குள் அதை அனுப்ப வேண்டும். அதில் பெட்டியின் எல்லாப் பக்கங்களும், முகவரிச் சீட்டும், மீனின் கண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். முடிவு சொல்லும் வரை இறந்த மீனை ஃப்ரீசரில் பாதுகாக்க வேண்டும்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல வருடம் செய்தி திருத்தியவன். கொலை வழக்குகளைப் பற்றி நிறைய எழுதியும் திருத்தியும் இருக்கிறேன். சாட்சியிடம் போலீஸ் இவ்வளவு கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தால் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்ணுக்கு வேலை போகப் பார்த்தது. அந்தப் பக்கத்தை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நான் எழுதிய ஒரு வரியும் அதில் சேர்ந்திருந்தது.

மீன் வாங்கியவள் என் தங்கை. கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாள். மலையின் மூலைமுடுக்குகளிலிருந்து பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் காலையில் ஏழு மணிக்கே கிளம்பி நடந்து வருபவர்கள். முன்பு அங்கே இருந்த ஒரு டாக்டர் மாற்றலாகிப் போகும்போது தன் கண்ணாடித் தொட்டியை விட்டுப் போனார். அதில் இரண்டு கிளி மீன்கள் இருந்தன. உடம்பு உருண்டை, நிறம் ஆரஞ்சு, வாயை முழுதாக மூடத் தெரியாத ஜாதி. குழந்தை அந்த வாயைப் பார்த்துத் தானும் வாயைப் பிளக்கும். அந்த நேரத்தில் தங்கை ஊசியைப் போட்டு எடுத்துவிடுவாள். அழுகை வருவதற்குள் பஞ்சு வைத்தாகிவிடும்.

போன கோடையில் இரண்டில் ஒன்று செத்துப்போனது. மிஞ்சியது சுவர்ப்பக்கம் திரும்பி மூலையில் நின்றுகொண்டது. மூலையில் நிற்கும் மீனை எந்தக் குழந்தையும் பார்ப்பதில்லை. கள்ளக்குறிச்சிக் கடையில் கேட்டோம். அந்த மீனை இங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். தங்கை இணையத்தில் தேடி ஆறு மீனுக்குப் பணம் கட்டினாள்.

"கீழ போட்டிருந்ததெல்லாம் படிச்சியா?" என்று பிறகு கேட்டேன்.

"மேல போட்டிருந்தத படிச்சேன். உயிரோட வரும்னு போட்டிருந்தான்."

செவ்வாய்க்கிழமை வர வேண்டிய பெட்டி புதன்கிழமை வந்தது. மலைக்கு அந்த கூரியர்காரர்கள் போவதில்லை. பெட்டி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையில் இறங்கும். நாம்தான் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் பெட்டியைப் பதிந்த நிமிடமே கம்ப்யூட்டர் அதை 'டெலிவரி ஆனது' என்று எழுதிவிடும். மீன் கடையின் இரண்டு மணி நேரம் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. மணி காலை ஒன்பது நாற்பது. அந்த நேரத்தில் தங்கை, மலையில், கையில் ஊசியோடு இருந்தாள். பெட்டியில் எழுதியிருந்த இரண்டாவது எண் என்னுடையது. நான் திருக்கோவிலூரில் தாலுகா ஆபீஸ் வரிசையில், போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எடுக்காத மூன்று அழைப்புகளைப் பார்த்தபோது பஸ் ரிஷிவந்தியத்தைத் தாண்டியிருந்தது.

கிளைக்குள் நான் நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால். கவுன்ட்டரில் இருப்பவர் நைனார்பாளையத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். தங்கைக்கு ஏதாவது பார்சல் வந்தால் எடுத்து வைத்து, மலை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிற அளவுக்குப் பழக்கம். அன்று அவர் தன் நாற்காலியில் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட். கையில் ஒரு சொம்பு. பக்கெட்டிலிருந்து தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். போன எங்க வுட்டீங்க? எத்தினி வாட்டி அடிக்கறது?" என்றார், கையை நிறுத்தாமல். "நாலு கீது. ரெண்டு போயிடிச்சி."

பக்கெட்டில் நான்கு ஆரஞ்சு உருண்டைகள், சொம்பிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் நெருக்கியடித்து நின்றன. இறந்த இரண்டும் ஒரு பழைய ரசீதுத் தாளில் கிடந்தன.

நடந்ததை அவரே சொன்னார். பத்தரை மணிக்குப் பெட்டியின் மூலையில் தண்ணீர் கசிந்து மேஜை நனைந்தது. பெட்டிமேல் 'அலங்காரப் பொருள், கவனமாகக் கையாளவும்' என்று சீட்டு. அவர்கள் நிறுவனம் உயிருள்ளதை ஏற்காது என்பதால் மீன் கடைக்காரன் மீனை அலங்காரப் பொருளாக்கி அனுப்பியிருந்தான். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து டேப்பைக் கிழித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே ஆறு பைகள். அதில் ஒன்று கசிகிறது. எல்லாப் பைகளிலும் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"சிஸ்டருக்கு அடிச்சேன். எடுத்தாங்க. அலோன்னாங்க, கட்டாயிடிச்சி. மலையில எங்க சிக்னல் நிக்கும்? அப்புறம் உங்களுக்கு அடிச்சேன். நீங்க பெரிய மனுசன், எடுக்கல. எங்க ஊர் சந்தையில வெரால குண்டான்ல வுட்டுக்கினு வருவாங்க. தண்ணி சூடாச்சின்னா மாத்திக்கினே இருப்பாங்க. அதான் பிளேடு போட்டு அறுத்து, கேன் தண்ணிய ஊத்தி வுட்டுட்டேன்."

"பையைப் பிரிக்காம வீடியோ எடுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். அந்தச் சிறிய எழுத்துப் பக்கத்தைப் பஸ்ஸிலேயே படித்து முடித்திருந்தேன்.

அவர் சொம்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் பேசறீங்க? அது செத்துக்கினு கீது, நான் படம் புடிச்சிக்கினு நிக்கணுமா?"

அந்தக் கேள்விக்கு அந்த நிபந்தனைப் பக்கத்தில் விடை இருந்தது. ஆமாம், நிற்க வேண்டும். ஆறும் பைக்குள்ளேயே சாகும் வரை நின்று, அதன் பிறகு வெளிச்சத்தில் காட்டியிருந்தால் ஆறுக்கும் பணம் வந்திருக்கும். பையை அறுத்து நான்கைப் பிழைக்க வைத்ததால் இரண்டுக்குக்கூட இல்லை. காப்பாற்றியவனுக்கு அபராதம், பார்த்துக்கொண்டு நின்றவனுக்குப் பணம் என்று ஒரு சட்டத்தை உட்கார்ந்து யோசித்து, நிறம் தேர்ந்தெடுத்து, கேடயம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் தங்கை கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தாள். மூடி போட்ட வாளியில் நான்கையும் வைத்து, மடியில் வாளியோடு மறுநாள் காலை மலையேறினாள். இறந்த இரண்டும் என் வீட்டில் தங்கின. நிபந்தனைப்படி அவற்றை ஒரு பாலிதீன் பையில் போட்டு, ஒரு சீட்டில் தேதி, ஆர்டர் எண், பெட்டி வந்த நேரம், பிரித்த நேரம், பிரித்தவர் யார் என்பதெல்லாம் எழுதிப் பையில் ஒட்டி, ஃப்ரீசரில் வைத்தேன்.

"இட்லி மாவு வைக்கற வூட்டுல பொணத்த கொண்டாந்து வெச்சிருக்கீங்களே," என்றாள் என் மனைவி. "இதுக்குப் பேப்பர்ல வேலை பார்த்தவர்தான் வேணுமா?"

புகாரைத் தங்கையின் பெயரில் நான்தான் எழுதினேன். முதலில் அரட்டைப் பெட்டி. அதில் இருந்தது ஆளா இயந்திரமா என்று கடைசி வரை தெரியவில்லை. 'உங்கள் இழப்பை நாங்கள் உணர்கிறோம்' என்று கும்பிடும் கைப் படத்தோடு தொடங்கியது. அடுத்த கேள்வி, 'மீன் இறந்துவிட்டது என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்?' தங்கை இதைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். சாவை உறுதி செய்வது அவள் வேலையில் ஒரு பகுதி. இதுவரை யாரும் அவளிடம் வீடியோ கேட்டதில்லை.

அவள் சிரித்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. தடுப்பூசி மருந்து ஊரிலிருந்து மலைக்கு ஐஸ் பெட்டியில் வருகிறது. பல மருந்துக் குப்பிகளின்மேல் ஒரு சின்னக் குறி இருக்கும். வழியில் சூடு பட்டிருந்தால் அதன் நிறம் மாறிவிடும். நிறம் மாறியதைத் தூக்கி ஒதுக்கிவிட்டு வேறு கேட்பார்கள். குப்பியைக் கெடுத்தது நீயா என்று யாரும் கேட்பதில்லை. அனுப்பியவனுக்கும் அந்தக் குறி தெரியும். அதனால் அவன் ஐஸைக் குறைக்க மாட்டான். மீன் கடைக்காரனோ ஒரு நாள் பயணத்துக்கான காற்றை அடைத்து, இரண்டு நாள் பயணத்துக்கு அனுப்பியிருந்தான். சின்ன எழுத்தில், 'கூரியர் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்றும் இருந்தது. அவர்கள் எதற்குப் பொறுப்பு என்று அந்தப் பக்கத்தை இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன். எழுத்துப் பிழைகளுக்குக்கூடப் பொறுப்பேற்கவில்லை.

அரட்டையில் பலனில்லை என்றதும் மின்னஞ்சல் எழுதினேன். நீளமான, சுத்தமான கடிதம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரம் போட்டேன். பெட்டியில் பொய்யான சீட்டு ஒட்டியதைச் சொன்னேன். காற்றுப் போதாததைச் சொன்னேன். நடுவில் இந்த வரியும் இருந்தது: 'காலை பத்தே முக்கால் மணிக்கு, மீன்கள் மூச்சுத் திணறுவதைக் கண்ட கூரியர் கிளைக் கவுன்ட்டர் ஊழியர், பைகளைப் பிரித்து மீன்களை நீரில் விட்டார்.'

அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மீன் கடையை வெட்கப்பட வைக்க இதைவிட நல்ல வரி கிடைக்காது என்று நினைத்தேன். வெட்கப்படுகிறவர்கள் படித்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

நான்காம் நாள் பதில் வந்தது. பொய்ச் சீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. காற்றைப் பற்றி இல்லை. என் கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்திருந்தார்கள். 'மூன்றாம் நபரால் பை பிரிக்கப்பட்டதாக நீங்களே எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருப்பதால் உத்தரவாதம் பொருந்தாது. வாடிக்கையாளர் பார்சலை அனுமதியின்றிப் பிரித்தது தொடர்பாகக் கூரியர் நிறுவனத்தின் தலைமைக்குப் புகார் அனுப்பியுள்ளோம்.' முதல் வரியில் பணத்தை மறுத்து, இரண்டாம் வரியில் பழியை இடம் மாற்றியிருந்தார்கள். நான் திருத்திய எத்தனையோ மறுப்பு அறிக்கைகளில் இவ்வளவு சிக்கனமான வேலையைப் பார்த்ததில்லை.

அன்று பிற்பகலே கவுன்ட்டர் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"சார், எம்பேர்ல எழுதிக் குடுத்தீங்களா?"

பேர் எழுதவில்லை என்றேன். கவுன்ட்டர் ஊழியர் என்றுதான் எழுதினேன் என்றேன்.

"இந்த ஆபீசுல கவுன்ட்டர்ல நான் ஒருத்திதான கீறேன்? இன்னும் எத்தினி பேரு கீறாங்க?" குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மேலிருந்து மெயில் வந்துகீது. மூணு நாளுல பதில் குடுக்கணுமாம். கஸ்டமர் பார்சல பிரிச்சா அன்னிக்கே கணக்கு முடிச்சி அனுப்பிடுவாங்க சார். போன வருசம் ஒருத்தர அப்படித்தான் அனுப்புனாங்க. அவரு திருடுனாரு. நான் இன்னா பண்ணேன்?"

பார்க்கிறேன் என்றேன். பல வருடங்களாகப் பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லி அனுப்பிய சொல் அது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மலையிலிருந்து இறங்கி வந்தாள். பதிலைப் படித்தாள். என் கடிதத்தையும் கேட்டு வாங்கி முழுதாகப் படித்தாள்.

"நீ எழுதுனது அத்தனையும் உண்மைண்ணா. இல்லன்னு யாரு சொல்றா?" என்றாள். "அந்த உண்மைய அவன் கேட்டானா? வீடியோ இருக்கா இல்லையான்னுதான கேட்டான்? இல்லன்னு சொல்லிட்டு வுட்டிருக்கலாம்ல?"

நான் என் யோசனையைச் சொன்னேன். மீனை அலங்காரப் பொருள் என்று ஏமாற்றி அனுப்பியதைக் கூரியர் தலைமைக்கே எழுதுவோம், அவர்கள் மீன் கடைமேல் பாய்வார்கள் என்றேன்.

"பாய்வாங்க. அவன்மேல இல்ல. உள்ள மீனு இருக்குதுன்னு தெரிஞ்சப்பறமும் ஏன் மேல சொல்லலன்னு அந்தம்மாவத்தான் திரும்பக் கேப்பாங்க. எழுதறத நிறுத்துண்ணா. கொஞ்ச நேரம் எழுதாம இரு."

பிறகு அவள் தன் போனை எடுத்து அழைப்புப் பட்டியலைத் தேடினாள். புதன்கிழமை, பத்து நாற்பத்திரண்டு. கூரியர் கிளையிலிருந்து வந்த அழைப்பு. அவள் எடுத்திருக்கிறாள். பேசிய நேரம் இரண்டு விநாடி.

"போன் வந்துச்சா? வந்துச்சு. எடுத்தனா? எடுத்தேன்," என்றாள். "அந்த ரெண்டு செகண்டுல சொன்னேன். பையப் பிரிச்சி தண்ணியில வுடுங்கன்னு நான்தான் சொன்னேன். போதுமா?"

"நீ அலோன்னுதான் சொன்ன. அதுக்குள்ள கட்டாயிடுச்சி."

"லைன் நின்னிருந்தா வேற இன்னா சொல்லியிருப்பேன்?"

ஒரு வெள்ளைத் தாளில் அவளே எழுதினாள். தடுப்பூசி நாளில் தன்னால் வர முடியாததால், கசிந்த பார்சலையும் உள்ளே இருந்த பைகளையும் பிரித்து வைக்கும்படி கிளை ஊழியரைத் தொலைபேசியில் தானே கேட்டுக்கொண்டதாகவும், அவர் தன் சொல்படிதான் செய்தார் என்றும், இதற்குத் தானே முழுப் பொறுப்பு என்றும் நான்கு வரி. அழைப்புப் பட்டியலின் படத்தையும் சேர்த்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனா நின்றது.

"மருந்து வைக்கற ஃப்ரிட்ஜு மேல ஒரு அட்டை தொங்குது. காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி எத்தினி டிகிரின்னு எழுதணும். நான் வேலைக்கு வந்ததிலேர்ந்து ஒரு நாளு கூட பார்க்காம எழுதுனது இல்ல," என்றாள். "பக்கத்துல கீறவங்க எல்லாம் சனிக்கிழமையே திங்கக்கிழமைக்கும் சேத்து எழுதுவாங்க. நான் எழுதுனது இல்ல."

அவள் கையெழுத்துப் போட்டாள். தாளை என்னிடம் திருத்தத் தரவில்லை.

திங்கட்கிழமை காலை அதைக் கிளையில் கொடுக்க நான் போனேன். கவுன்ட்டர் பெண் இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர் இப்படிச் சொல்லலியே சார்," என்றார். சொன்னதாகவே இருக்கட்டும் என்றேன். தாளை ஸ்கேன் செய்து மேலே அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு டீ வரவழைத்தார். டீ வரும் வரையிலும், நான் குடித்து முடிக்கும் வரையிலும், ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு அந்த வழக்கம் அவருக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

எச்சரிக்கை என்று ஒரு மெயில் வந்ததோடு அவர் விவகாரம் முடிந்தது. வேலை தப்பியது. மீன் கடைக்கும் அந்தக் கடிதத்தின் நகல் போயிருக்க வேண்டும். வாரக் கடைசியில் தங்கைக்குச் செய்தி வந்தது. 'பையைப் பிரிக்கத் தாங்களே கேட்டுக்கொண்டதை உறுதிப்படுத்தியமைக்கு நன்றி. உத்தரவாதம் பொருந்தாது. எனினும் நல்லெண்ண அடிப்படையில், உங்கள் அடுத்த ஆர்டருக்கு ஒரு கூப்பன்.' செத்த மீனுக்கு ஈடாக, அடுத்த மீனைச் சாகடிக்கச் சலுகை. கீழே ஐந்து நட்சத்திரங்கள் காலியாக இருந்தன. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்ட விதத்தை மதிப்பிடுங்கள்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் மீன்.

அடுத்த புதன்கிழமை ஒரு வேலையாக நான் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போக நேர்ந்தது. சுகாதார நிலையத்துக்கும் போனேன். ஒரு சின்னப் பெண், இரண்டு வயது இருக்கும், தாயின் இடுப்பிலிருந்து தொட்டிப் பக்கம் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். புதிய நான்கும் கண்ணாடி ஓரத்தில் நின்றன. பழையது மூலையிலிருந்து பாதித் தூரம் வந்திருந்தது. அதற்கு மேல் வரவில்லை. தங்கை ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது.

அன்று வீடு திரும்பியதும் மனைவி ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள்.

"கேஸு முடிஞ்சிதுன்னீங்க. இது இன்னும் யாருக்கு?"

பையை வெளியே எடுத்தேன். உறைபனியை விரலால் துடைத்தேன். என் கையெழுத்து ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. தேதி, ஆர்டர் எண், வந்த நேரம், பிரித்த நேரம். கடைசி வரியில், 'பிரித்தவர்: கவுன்ட்டர் ஊழியர்.'

முதலில் அந்தச் சீட்டை உரித்து, துண்டு துண்டாகக் கிழித்து, அடுப்படியில் ஈரமான காபிச் சக்கைக்குள் புதைத்தேன். அதற்குப் பிறகுதான் மீன்களைக் கொல்லைக்கு எடுத்துப் போனேன்.